பிளஸ் ஒன் குரூப் படிவத்துக்கு முன்னால் தலைமை ஆசிரியை செய்ய வேண்டியவை

அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பெண் மென்பொருளுக்குப் போவாளா, மருத்துவத்துக்கா, கணக்காய்வுக்கா என்பது பெரும்பாலும் பிளஸ் ஒன்னில் எந்தப் பாடப்பிரிவு என்று எழுதித் தரும் குரூப் படிவத்திலேயே தீர்ந்துவிடுகிறது. பல வீடுகளில் அதை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பெயர்களைச் சரிபாருங்கள். எமிஸ் (கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவு), ஆதார், வங்கிக் கணக்கு மூன்றையும் வகுப்பாசிரியை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஒன்றில் 'ரா. கவிதா', இன்னொன்றில் 'கவிதா ராஜேந்திரன்' என்றிருந்தால் பின்னாளில் உதவித்தொகை ஏறாமல் நிற்கும். பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் போவதற்குள் திருத்துவது எளிது; சான்றிதழ் அச்சான பிறகு அலைச்சல்தான்.

அரையாண்டு முடிந்ததும் கணக்கு விடைத்தாள்களை எடுங்கள். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து "இவளுக்குக் கணக்கு வராது" என்று ஒதுக்குவதுதான் நடக்கும் பெரிய தவறு. வடிவியலிலும் வரைபடத்திலும் வரும் எட்டு மதிப்பெண் கேள்விகளைப் பழகியே தேறியவளும், இயற்கணிதத்தை ஊன்றிப் படித்துக் கவனக்குறைவால் இழந்தவளும் ஒரே மதிப்பெண்ணில் நிற்பார்கள். இரண்டாமவள் கணக்குக் குரூப்பைத் தாங்குவாள். முதலாமவளுக்குக் கோடையில் இயற்கணிதம் மட்டும் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெற்றோர் கூட்டத்தை ஞாயிறு காலையில் வையுங்கள். வேலை நாளில் கூப்பிட்டால் கூலி போகும், யாரும் வரமாட்டார்கள். அம்மாவோடு, வீட்டில் முடிவெடுப்பவர் யாரோ அவரும் வரட்டும். பொறியியல் கட்-ஆஃப் 200-ல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். மருத்துவத்துக்கான நீட் எழுத உயிரியல் வேண்டும். இரண்டு வாசலும் திறந்திருக்க வேண்டுமென்றால் உயிரியல்-கணிதக் குரூப்; சுமை அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பணக் கணக்கையும் அங்கேயே பேசுங்கள். முன்பு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமணத்துக்குப் போன உதவி, 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டமாகி, கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாயாக வருகிறது. தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. இரண்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதே அடிப்படை; புதுமைப் பெண்ணில் மட்டும் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்ற டி.சி. கேட்டு வருபவரிடம் இதைச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஹைடெக் லேப் வகுப்பை மாலையில் வைக்க வேண்டாம். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள் நான்கரைக்கே எழுந்துவிடுவாள். கால அட்டவணைக்குள்ளேயே பீரியடு ஒதுக்குங்கள். ஒரு கணினிக்கு இருவர் என்றால் மவுஸ் ஒருத்தி கையிலேயே தங்கிவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்து இடம் மாற்றுங்கள். லேப் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவர் விடுப்பில் போனாலும் கதவு திறக்கும்.