பானகத்தில் செண்ட் வாசனை: எசென்ஷியல் ஆயில் சமையலில் செய்யக்கூடாதவை

ஒரு ஸ்ரீராம நவமிக்குப் பானகம் கரைக்கும்போது ஏலக்காய் தட்டவும் சுக்கு இடிக்கவும் சோம்பல். அலமாரியில் எசென்ஷியல் ஆயில், அதாவது செடிகளிலிருந்து எடுக்கும் அடர்த்தியான வாசனை எண்ணெய், பாட்டில்கள் இருந்தன. இரண்டு லிட்டர் வெல்லத் தண்ணீரில் ஏலக்காய் ஆயில் ஐந்து சொட்டு, இஞ்சி ஆயில் ஐந்து சொட்டு விட்டேன். முதல் டம்ளரை வாங்கிய மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்மா, இதுல செண்ட் ஏதாவது கொட்டிட்டியா?" என்றார். கடைசி டம்ளரில் வெறும் வெல்லத் தண்ணீர். சுக்கின் காரம் எந்த டம்ளரிலும் இல்லை. ஒரே பாத்திரத்தில் மூன்று தவறு.

காரம் ஏன் வரவில்லை என்பதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. இந்த ஆயில்களைப் பெரும்பாலும் ஆவியில் வடித்து எடுக்கிறார்கள். ஆவியோடு கிளம்பி வருவது வாசனை மட்டும்தான். இஞ்சியின் காரம், மிளகின் காரம், எலுமிச்சையின் புளிப்பு எதுவும் ஆவியோடு வராது. அதனால் மிளகு ஆயிலை ரசத்தில் விட்டால் மிளகு மணக்கும், நாக்கில் உறைக்காது. எலுமிச்சை ஆயில் பழச்சாற்றிலிருந்து வருவதே இல்லை, தோலிலிருந்து பிழிவது. ஜூஸுக்குப் பழம் இல்லையே என்று அதை ஊற்றினால் புளிப்பு எங்கிருந்து வரும்? சுவைக்குப் பழையபடி சுக்கும் மிளகும் பழமும் வேண்டும். ஆயில் மூக்குக்கு மட்டும்.

அடுத்து அளவு. ஒரு மில்லியில் ஏறக்குறைய 20 சொட்டு இருக்கும். ஏலக்காய் விதையில் எண்ணெய் என்பது நூற்றில் சில பங்குதான் என்பதால், ஒரு சொட்டுக்குள் நாலைந்து காயின் மணம் அடங்கியிருக்கிறது. நான் விட்டது இருபது காய்க்கு மேல்! கேக்குக்கு எசன்ஸ் ஊற்றிப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எசன்ஸ் ஏற்கெனவே நீர்க்கச் செய்தது, அரை ஸ்பூன் தாங்கும். அந்தக் கணக்கு ஆயிலுக்கு ஆகாது. பச்சைக் கற்பூரத்தைச் சர்க்கரைப் பொங்கலில் கடுகளவுதான் போடுவார்கள் அல்லவா, அந்தக் கைதான் இதற்கும் வேண்டும். புதினா, கிராம்பு, பட்டை ஆயில்களுக்கு ஒரு சொட்டுகூட அதிகம். பல் குத்தும் குச்சியின் நுனியை ஆயிலில் தொட்டு, அதை மாவில் ஒரு கிளறு கிளறினால் போதும்.

பட்டை ஆயில் வாங்கும்போது பட்டையிலிருந்து எடுத்ததா, இலையிலிருந்து எடுத்ததா என்று லேபிளில் பாருங்கள். இலங்கையில் இரண்டும் தயாராகிறது. இலை ஆயிலில் கிராம்பு வாசம்தான் தூக்கலாக இருக்கும்.

முதல் டம்ளர் செண்டாகவும் கடைசி டம்ளர் சப்பென்றும் போனதற்குக் காரணம், ஆயில் தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்ததுதான். நெய், தேங்காய்ப்பால், வெண்ணெய் ஏதாவது ஒன்றில் முதலில் கலந்துகொண்டு பிறகு சேர்க்க வேண்டும். பானகம், சர்பத் என்றால் சொட்டை நாலு ஸ்பூன் சர்க்கரையில் விட்டு நன்றாகத் தேய்த்து, அதில் கொஞ்சமாக எடுத்துக் கரைக்கலாம். கொதிக்கிற பாயசத்தில் விட்டால் வீடு மணக்கும், பாயசம் மணக்காது. அடுப்பை அணைத்து, சூடு சற்றுத் தணிந்தபின் சேருங்கள்.

சரி, இதெல்லாம் ருசி கெடுகிற தவறுகள். உயிருக்கு ஆபத்தான தவறும் உண்டு. 'தைலம்' என்று பெயர் இருப்பதாலேயே எல்லாவற்றையும் வாயில் போடலாம் என்று நினைப்பது அது. ஊட்டிக்குப் போனால் எல்லோரும் நீலகிரித் தைலம் வாங்கி வருகிறோம். ஆவி பிடிக்க, மேலே தேய்க்க நல்லது. குழந்தை விழுங்கினால் வலிப்பே வரலாம். அதே கடைகளில் கிடைக்கும் விண்டர்கிரீன் தைலம் மிட்டாய் போல மணப்பதால் இன்னும் மோசம். அதில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். பெரியவர்களுக்கான மாத்திரை இருபதுக்கு மேல். பல்வலிக்கு வைத்திருக்கும் கிராம்பு எண்ணெயும் குழந்தை குடித்துவிட்டால் கல்லீரலைக் கெடுக்கும்.

'100% தூய்மை' என்ற வாசகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சுத்தமான நீலகிரித் தைலமும் விஷம்தான். 'தெரப்யூடிக் கிரேட்' (மருத்துவத் தரம்) என்பது விற்பவர்கள் வைத்துக்கொண்ட பெயர். உணவுக்கானது என்று எழுதி, எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் போட்டிருந்தால் மட்டும் சமையலறைக்குள் விடுங்கள். அப்படியே இருந்தாலும் கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் செய்கிற சாப்பாட்டில் நான் சேர்ப்பதில்லை. ரோஜா ஆயில் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்: ஒரு கிலோவுக்கு மூன்று நான்கு டன் இதழ் வேண்டும். பாதாம் பாலுக்கு உணவுத் தரப் பன்னீரே போதும்.

நிறம் கொண்ட கண்ணாடி பாட்டிலில், வெயில் படாமல், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு ஆயில்கள் சிலவகை பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஆயில் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.