ஃபேஜ் நூலகம் பெரிதாக மறுத்தபோது: என் அனுபவம்

ஆன்டிபாடித் துண்டுகளை ஃபேஜின் (பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸின்) மேற்பரப்பில் ஏந்தவைக்கும் நூலகத்தின், அதாவது பல்வகை ஆன்டிபாடி மரபணுக்களின் தொகுப்பின், அளவு காகிதத்தில் எத்தனை வகைகளை வடிவமைத்தோம் என்பதில் இல்லை, எத்தனை டி.என்.ஏ. மூலக்கூறுகள் உயிருள்ள ஈ. கோலை பாக்டீரியச் செல்லுக்குள் நுழைந்தன என்பதில்தான் இருக்கிறது. குறைந்தது 100 கோடி குளோன்களை (டி.என்.ஏ.வை ஏற்ற ஒற்றைச் செல்லிலிருந்து பெருகும் வழித்தோன்றல்களை) எதிர்பார்த்த இடத்தில் எங்களுக்குச் சில கோடிகளே கிடைத்துவந்தன.

மின்துடிப்பால் டி.என்.ஏ.வைச் செல்லுக்குள் செலுத்தும் எலக்ட்ரோபொரேஷனின்போது குவெட்டில் (சிறு மாதிரிக் கலத்தில்) ‘டப்’ என்று பொறி பறந்தால் அந்த மாதிரி வீண். பொறி பறக்காதபோதும் கருவி காட்டிய நேர மாறிலி (மின்துடிப்பு எவ்வளவு மெதுவாகத் தணிகிறது என்பதன் அளவு) 5 மில்லிநொடியை நெருங்காமல் 3-க்குச் சற்று மேலேயே நின்றதால், டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டிய லைகேஷன் கலவையில் எஞ்சி, மின்சாரத்தை எளிதில் கடத்தும் உப்பின் மீது சந்தேகம் விழுந்தது. எனவே ஒட்டும் நொதியான லைகேஸை 65 டிகிரி செல்சியஸில் செயலிழக்கச் செய்து, கலவையை டி.என்.ஏ.வைப் பிடித்துவைக்கும் சிலிக்கா நிரலில் கழுவி, டி.என்.ஏ.வை உப்புள்ள பஃபர் கரைசலுக்குப் பதிலாகத் தூய நீரில் வடித்தெடுத்தோம். டி.ஜி.1 என்ற ஈ. கோலை வகைச் செல்களையும் பனிக்குளிர்ந்த 10% கிளிசராலில் கூடுதலாகக் கழுவினோம். (கிளிசராலில் செல்படிவு வழுக்கும், மேல்திரவத்தை அவசரமாகக் கவிழ்ப்பவர் பாதிச் செல்களைத் தொட்டியில் கொட்டிவிடுவார்.) நேர மாறிலி 4.5-ஐத் தாண்டியது, டி.என்.ஏ.வைப் பல குவெட்டுகளுக்குச் சிறிது சிறிதாகப் பிரித்துச் செலுத்தியதும் இலக்கு எட்டியது.

ஆனால் காலனி பி.சி.ஆரில் (காலனியிலுள்ள மரபணுவை நேரடியாகப் பெருக்கிப் பார்க்கும் சோதனையில்) சில குளோன்களில் ஆன்டிபாடி மரபணுவே இல்லை. அத்தகைய வெற்றுக் குளோன்கள் ஆன்டிபாடி தயாரிக்கும் சுமையின்றி வேகமாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும் என்பதால், ஆன்டிபாடி மரபணுவை இயக்கும் லாக் புரோமோட்டரை அடக்க 2% குளுக்கோஸ் சேர்த்து, தட்டுகளை 30 டிகிரியில் வளர்த்தோம். நூலகத்தைப் பெருக்கும்போதெல்லாம் எந்த வகையும் விடுபடாதிருக்க 1,000 கோடிச் செல்களுக்குக் குறையாமல் எடுக்கிறோம்.