தயிர் சாதம் கடலா, மலையா? வெளிநாட்டுக் கதை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், இரண்டு கல்லூரிப் பெண்கள் புதிதாக ஆரம்பித்திருக்கும் சிறுவர் வாசிப்பு வட்டத்துக்குப் போயிருந்தேன். மொட்டை மாடி, தகரக் கூரை, பாயில் பதினெட்டுப் பிள்ளைகள். நான் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். வாசித்தது 'டோட்டோ-சான்' என்ற ஜப்பானியப் புத்தகம். வாசித்த பெண்ணுக்கு நல்ல குரல். இரண்டாவது பக்கத்திலேயே டோட்டோ-சான் 'செல்லம்மா' ஆகிவிட்டாள். ஜியுகாவோகா ரயில் நிலையம் 'நம்ம ஊர் ஸ்டேஷன்' ஆனது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் உள்ளே புளியோதரை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் நானும் இதே புளியோதரையைத்தான் பரிமாறினேன். அப்போது பிள்ளைகள் என்னை அக்கா என்பார்கள். இப்போது ஆன்ட்டி. நடுவில் செய்த தவறுகளில் சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வயதுக்கு மீறிய புத்தகத்தை எடுக்காதே, படத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிக் காட்டு, இதெல்லாம் ஒரு வாரத்தில் தானாகத் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயர்

மாற்றாதீர்கள். டைரனோசரஸ் ரெக்ஸ் என்று திக்காமல் சொல்கிற பிள்ளைக்கு டோட்டோ-சான் வாயில் நுழையும்.

புளியோதரை

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற தவறு இது. என் கைக்காசு போன தவறும் இதுதான்.

தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய அந்தப் புத்தகம் ஜப்பானில் 1981ல் வந்தது. அதில் வரும் தோமோயே பள்ளியில் பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. தலைமையாசிரியர் சொசாகு கோபயாஷி பெற்றோரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பிள்ளையின் டப்பாவில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்கட்டும். சத்துணவு, புரதம் என்று எந்தப் பாடமும் நடத்தவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒவ்வொரு டப்பாவாக எட்டிப் பார்த்துக்கொண்டே வருவார். பின்னால் அவர் மனைவி இரண்டு பாத்திரங்களோடு வருவார். 'கடல்' என்றால் ஒரு துண்டு மீன் பண்டம் விழும், 'மலை' என்றால் வேகவைத்த உருளைக்கிழங்கு.

நான் முதல் தடவை இதை வாசித்தபோது, 'மீன் குழம்பும் பொரியலும்' என்று சுருக்கிவிட்டேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிய வேண்டுமே என்ற நல்லெண்ணம்தான். புரிந்தது. சிரித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். ஒரு கேள்வி வரவில்லை. மீன் குழம்பைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

நாலு வருடம் கழித்து, வேறு பிள்ளைகள். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி வாசித்தேன். டோட்டோ-சானின் டப்பா பூந்தோட்டம் மாதிரி இருக்கும். மஞ்சளாக முட்டை, பச்சைப் பட்டாணி, இளஞ்சிவப்பாக மீன் சினை, பழுப்பாக டென்பு. டென்பு என்றால் என்னவென்று முன்கூட்டியே தேடி வைத்திருந்தேன். மீனை வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்து, சர்க்கரையும் சோயா சாறும் சேர்த்து ஈரம் போகும்வரை வறுத்தது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நிமிர்ந்தாள்.

"மாசிக் கருவாடு மாதிரியா ஆன்ட்டி?"

"கிட்டத்தட்ட. ஆனா இனிக்கும்."

"இனிக்கிற மீனா!" பதினைந்து முகமும் ஒரே நேரத்தில் சுளித்தது.

டென்பு கடலா மலையா என்ற கேள்வி அந்தப் புத்தகத்திலேயே வருகிறது. நாங்கள் அதைத் தாண்டிப் போகவே முடியவில்லை. ஒரு பையன் தன் தூக்குவாளியைத் திறந்து, "தயிர் சாதம் கடலா, மலையா?" என்றான். அரிசி வயலில் விளைவது, அதனால் மலைக் கட்சி. தயிர் மாடு கொடுப்பது, மாடு மேய்வது தரையில், அதுவும் மலைதான். அப்போது தூத்துக்குடிக்காரி சொன்னாள், "உப்பு எங்க ஊர் உப்பளத்துல இருந்து வருது. அது கடல்." ஊறுகாயை எதில் சேர்ப்பது என்று சண்டை வந்தது. அன்றைக்கு மிச்சப் பக்கத்தை வாசிக்கவே இல்லை.

தோக்கியோவில் ஒரு சாப்பாட்டு டப்பா, இங்கே ஒரு தூக்குவாளி. நடுவில் இருக்கிற தூரத்தைப் பிள்ளைகள் தாங்களே நடந்து கடந்தார்கள். முதல் தடவை அந்த நடையை நான்தான் அவர்களுக்குப் பதிலாக நடந்து முடித்திருந்தேன்.

இதைச் சொன்னால் புதியவர்கள் உடனே, "பிள்ளைகளுக்குப் புரியாதே" என்பார்கள். வீட்டில் பெரியவர்கள் பேசுவதில் பாதி பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. அதனால் காதைப் பொத்திக்கொள்கிறார்களா என்ன? இன்னும் கூர்ந்துதான் கேட்கிறார்கள்.

சரி, கைக்காசு கதைக்கு வருகிறேன். வாசித்துக் காட்டும்போது மாற்றினால் காற்றோடு போய்விடும். நான் அச்சிலும் மாற்றினேன். குளிர்நாட்டுப் படக்கதை ஒன்றை மொழிபெயர்த்து, நண்பர்களோடு காசு போட்டு 500 பிரதி அடித்தோம். அதில் பாட்டி பேரனுக்குக் கறுப்பு ரொட்டியும் சூப்பும் கொடுப்பாள். நான் இட்லி சாம்பார் என்று எழுதினேன். படத்தை மாற்ற முடியாது, அது ஓவியருடையது. பக்கத்தில் பாட்டி பெரிய கத்தியால் ரொட்டியை அறுத்துக்கொண்டிருக்கிறாள், கீழே என் வரி: 'சூடான இட்லி'. மெய்ப்பு பார்த்த நாலு பெரியவர்கள் கண்ணிலும் இது படவில்லை. ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை படத்தில் விரலை வைத்து, "இட்லி எங்க ஆன்ட்டி?" என்றது. பெரியவர்கள் எழுத்தைத்தான் பார்க்கிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை படத்தையும் வரியையும் சேர்த்தே பார்க்கும். மிச்சமிருந்த முந்நூற்றுச் சொச்சம் பிரதிகள் இன்னும் என் வீட்டுப் பரணில்தான் கிடக்கின்றன.

வேண்டுமென்று செய்யாமலே ஊர் மாறிவிடுவதும் உண்டு. 'பனி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் புல் நுனியில் இருப்பதும் பனி, இமயமலை உச்சியில் இருப்பதும் பனி. 'இரவு முழுக்கப் பனி பெய்தது' என்று வாசித்தால் நம் பிள்ளை மனதில் வருவது பால்காரர் தலையில் கட்டியிருக்கும் மஃப்ளர். கதையில் கதவே திறக்க முடியாமல் ஜன்னல் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். பஞ்சு மாதிரி விழுந்து இடுப்பளவு சேர்ந்தது என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள், அப்புறம் பனி என்ற சொல்லே போதும்.

அதற்காக எல்லாவற்றையும் அந்நியமாகவே வைக்க வேண்டும் என்றில்லை. பொருள் ஒன்றேயானால் நம் சொல்லைத் தயங்காமல் போடலாம். எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாதவின் 'முதல் ஆசிரிய'ரில் அல்தினாய் என்ற சிறுமி அடுப்பெரிக்கக் காய்ந்த சாணம் பொறுக்கப் போவாள். மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், குளிருக்கு ஆகட்டும் என்று புதுப் பள்ளிக்கூடத்தில் கொட்டிவிட்டு ஓடுவாள். அங்கே கிர்கீசியச் சொல்லைப் போட்டு அடிக்குறிப்பு எழுதியிருந்த ஒரு கையெழுத்துப் பிரதியை நான் பார்த்தேன். சாணிக்கு அடிக்குறிப்பா!

மாஸ்கோ அச்சு

'முதல் ஆசிரிய'ரை 'ருஷ்யக் கதை' என்று அறிமுகப்படுத்துவது நம் தலைமுறைப் பழக்கம். முன்னேற்றப் பதிப்பகம், மாஸ்கோ என்று அட்டைக்குள் அச்சாகியிருக்கும், என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடையில் வாங்கியிருப்போம், அதனால் ருஷ்யா. கதை நடப்பது கிர்கீசிய மலையடிவாரக் கிராமத்தில், மண்சுவர்த் தொழுவம் ஒன்றில். எழுதியவரும் கிர்கீசியர். மத்திய ஆசியாவை வரைபடத்தில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். ஆனால் கதை முடிந்த பிறகு. முன்னாலேயே பத்து நிமிடம் புவியியல் எடுத்தால் பாதிப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போய்விடும்.

356 கொக்குகள்

எழுதியவர் எந்த ஊர்க்காரர், அந்த ஊரோடு அவருக்கு என்ன உறவு என்று பார்க்காமல் வாசிப்பது அடுத்த தவறு. வெளியாள் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. கதையையும் நடந்ததையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

ஆகஸ்ட் 6 வந்தால் நாங்கள் சடாகோ கதை வாசிப்போம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சடாகோ சசாகிக்கு இரண்டு வயது. 1955ல் ரத்தப் புற்றுநோய் என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் வேண்டியது நடக்கும் என்ற நம்பிக்கையில், மருந்து சுற்றி வந்த தாளைக்கூட விடாமல் மடித்தாள். அந்த அக்டோபர் 25 அன்று இறந்துபோனாள், வயது 12. உலகம் முழுக்கப் பரவிய கதைப்புத்தகம் கனடாவில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் எலினோர் கோர் 1977ல் எழுதியது. அதில் 644 கொக்கோடு சடாகோவின் கை நின்றுவிடும். மீதி 356ஐ வகுப்புத் தோழர்கள் மடிப்பார்கள். நாங்களும் வருடா வருடம் 356 மடித்தோம். கடைசிக் கொக்கை நூலில் கோக்கும்போது எல்லோர் கண்ணிலும் தண்ணீர்.

அப்புறம்தான் சடாகோவின் அண்ணன் சொன்னதையும் ஹிரோஷிமா அருங்காட்சியகம் சொல்வதையும் படித்தேன். அவள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள். தாண்டிய பிறகும் மடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

இதை அடுத்த வருடம் பிள்ளைகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு பையன், "ஆயிரம் முடிஞ்சும் சரியாகலையா? அப்புறமும் எதுக்கு மடிச்சா?" என்றான். 644 என்று சொன்ன வருடங்களில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். அன்றைக்கு எண்ணாமல் மடித்தோம்.

'பழைய சீனக் கதை'

அட்டையில் இப்படிப் போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். 1968ல் அமெரிக்காவில் வந்த 'டிக்கி டிக்கி டெம்போ' சீன நாட்டுப்புறக் கதை என்றுதான் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டது. நீளமான பெயர் வைத்ததால் கிணற்றில் விழுந்த மகனைக் காப்பாற்றத் தாமதமாகிவிடும், அதனால்தான் சீனர்கள் சின்னப் பெயர் வைக்கிறார்களாம். அந்தப் பெயர் சீனமே இல்லை. கதையின் வேர் 'ஜுகெமு' என்ற ஜப்பானியச் சிரிப்புக் கதை. நம் தெனாலிராமனை யாராவது அரபுக் கதை என்று அச்சடித்தால் நமக்கு எப்படி இருக்கும்?

ஒரு நாட்டுக்கு ஒரே புத்தகம்

போதாது. ஈரான் என்றால் தடையும் போரும் மட்டும் என்று ஒரு பதினாலு வயதுப் பையன் என்னிடம் சொன்னான். தப்பு அவன் மேல் இல்லை. நான் அவனுக்குக் கொடுத்த மூன்று ஈரான் புத்தகமும் அதைப் பற்றியவைதான். சமத் பெஹ்ராங்கியின் 'சின்னக் கறுப்பு மீன்' என் அலமாரியிலேயே இருந்தது. 1968ல் டெஹ்ரானில் வந்தது, ஃபர்ஷித் மெஸ்காலியின் ஓவியங்களோடு. ஓடையில் பிறந்த மீன் கடலைப் பார்க்கக் கிளம்புகிற கதை. சின்னப் பிள்ளைக் கதை என்று நினைத்து அவனுக்குக் கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, இதைப் போய் குழந்தைக் கதை என்கிறீர்களே என்று கேட்டான்.

'ஐயோ பாவம்' குரல்

ஆப்பிரிக்கா என்றவுடன் குரல் தாழ்ந்துவிடுகிறது உங்களுக்கு. கவனியுங்கள்.

பதின்ம வயதுக்காரர்கள்

இவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினால் ஓடிவிடுவார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். காதல், குடி, கடவுள் மறுப்பு வருகிற பக்கத்தைக் கிளிப் போட்டு மூடிக் கொடுத்த ஆளை எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படித்தார்கள்.

நீதி

கதையின் நீதி என்னவென்று பிள்ளைகளிடம் கேட்காதீர்கள்.

அந்த மொட்டை மாடிக்கு வருகிறேன். வாசிப்பு முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்து, "எப்படி இருந்துச்சு மேடம்?" என்றாள். குரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, புளியோதரையைப் பற்றியும் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. மூன்று நாள் கழித்து இரவு பத்து மணிக்கு போன்.

"மேடம், டென்பு செஞ்சு பாத்தோம். நெத்திலியில. சர்க்கரை எவ்வளவு போடணும்?"

நெத்திலி வேண்டாம், முள் அதிகம், வெள்ளை மீனாக வாங்குங்கள் என்றேன். சர்க்கரை அளவு எனக்கும் தெரியவில்லை. நான் இதுவரை டென்பு சாப்பிட்டதே இல்லை. அடுத்த சனிக்கிழமை பதினெட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு ஸ்பூன் கொடுத்தார்களாம். பதினோரு பேர் துப்பிவிட்டார்கள். ஏழு பேர் இன்னொரு ஸ்பூன் கேட்டிருக்கிறார்கள்.