ஆட்டோமேட்டிக் கியர் முரண்டு பிடிக்கிறதா? முதலில் ஸ்பீடு சென்சாரைப் பாருங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோமேட்டிக் கார் திடீரென ஒரே கியரில் மாட்டிக்கொள்கிறது, கியர் மாறும்போது வெடுக்கென இழுக்கிறது, ஸ்பீடோமீட்டர் முள் துள்ளுகிறது என்றால் கியர்பாக்ஸே போய்விட்டதென்று பயப்பட வேண்டாம். கியர்பாக்ஸின் சுழற்சி வேகத்தை அளக்கும் ஸ்பீடு சென்சாரில் கோளாறு இருந்தாலும் இப்படி ஆகும். காரில் பதிவான கோளாறு எண்ணை (கோட்) காட்டும் ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள். பி0715 வந்தால் கியர்பாக்ஸுக்குள் வரும் வேகத்தை அளக்கும் இன்புட் சென்சார் பக்கம், பி0720 வந்தால் வெளியே போகும் வேகத்தை அளக்கும் அவுட்புட் சென்சார் பக்கம் கோளாறு.

இந்தக் கோட் வந்ததுமே சென்சாரை வாங்கிவிடாதீர்கள். பல நேரம் குற்றவாளி வயர்தான். இன்ஜினை அணைத்துவிட்டு சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, உள்ளே ஆயில் கசிந்திருக்கிறதா, வயர் எங்காவது உரசி அறுந்திருக்கிறதா என்று விரலால் தடவியே பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். இரண்டு வயர் சென்சார் பெரும்பாலும் காந்தச் சுருள் வகை. அதன் ஓம் அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். மூன்று வயர் இருந்தால் பொதுவாக ஹால் வகை, அதாவது வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் எலக்ட்ரானிக் சென்சார். அதில் ஓம் பார்ப்பது வீண். இக்னிஷனைப் போட்டு, கனெக்டருக்கு வோல்டேஜும் எர்த்தும் வருகிறதா என்று பாருங்கள்.

சென்சாரை வெளியே எடுத்தால் முனையைக் கவனியுங்கள். காந்தத்தில் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டியிருக்கும். துடைத்து மாட்டினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். ஆனால் தூளோடு சில்லுகளும் இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

மாட்டும்போது புது ஓ-ரிங் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டு, அதில் அந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு உரிய ஆயிலை (ஏடிஎஃப்) கொஞ்சம் தடவுங்கள். அப்புறம் ஸ்கேனரில் அந்தக் கோட்-ஐ அழித்துவிட்டு, எல்லா கியரும் மாறும் அளவுக்கு ஓட்டிப் பாருங்கள்.