வீட்டுத் தரைக்கு அடியில் ஈரம்: கிரால் ஸ்பேஸில் டிஹியூமிடிஃபையர் வைக்கும் முன்பும் பின்பும்

நம்மூரில் வீடு கட்டும்போது பேஸ்மட்டத்துக்குள் மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கி, அதன்மேல் தரை போட்டுவிடுவார்கள். தரைக்குக் கீழே காலி இடம் என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவில் வட கரோலினா, ஜார்ஜியா, டென்னசி, வர்ஜீனியா பக்கம் வீடு வாங்குகிறவர்களுக்கோ மரத்தரைக்கும் மண்ணுக்கும் நடுவே 2 முதல் 4 அடி உயரத்தில் ஓர் இருட்டு இடம் வீட்டோடு சேர்ந்தே வருகிறது. அதற்குப் பெயர் கிரால் ஸ்பேஸ், தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். எட்டிப் பார்க்காமலே பல வருடங்கள் ஓடிவிடும். ஆகஸ்டில் ஒருநாள் வீட்டுக்குள் ஈரத்துணி வாடை அடிக்கும், ஹாலில் ஓக் பலகைகளின் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும். உடனே கடைக்கு ஓடி காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் டிஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கி உள்ளே தள்ளிவிடத் தோன்றும். அந்த மெஷின் இந்த வேலையில் கடைசியாக வர வேண்டியது. முதலில் வைத்தால் கரண்ட் பில் ஏறும், ஈரம் அப்படியே இருக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

பழைய வீடுகளின் அஸ்திவாரச் சுவரில் வரிசையாகக் காற்றுத் துளைகள் இருக்கும். காற்றோட்டம் இருந்தால் ஈரம் காயும் என்ற நம்பிக்கையில் வைத்தவை. குளிர்காலத்தில் அது ஓரளவு சரி. தென்கிழக்கு மாநிலங்களின் கோடையில் நடப்பது நேர்மாறு. வெளியே 85 டிகிரி ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 74 டிகிரி. அதாவது 74-க்குக் குறைவான வெப்பமுள்ள எதைத் தொட்டாலும் அந்தக் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராக மாறும். தரைக்கு அடியில் உள்ள உத்தரக் கட்டைகள் 70 டிகிரி அளவில் இருக்கும். ஏசி குழாய்கள் இன்னும் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த சொம்பின் வெளியே வியர்ப்பதுபோல இரண்டும் வியர்க்கும். துளைகளைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே மெஷினை ஓட்டுவது, ஊர்க் காற்றை எல்லாம் காயவைக்கப் பார்ப்பதுதான்.

இரண்டாவது வழி, மூடாத மண். மேலே காய்ந்து தெரிந்தாலும் அடியிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். மூன்றாவது மழைநீர். 1000 சதுர அடிக் கூரையில் 1 அங்குலம் மழை பெய்தால் 620 கேலனுக்கு மேல் தண்ணீர் விழுகிறது. கூரை விளிம்பில் மழைநீரைப் பிடிக்கும் கட்டர் அடைத்திருந்தாலோ, மழைநீர்க் குழாய் சுவர் ஓரத்திலேயே கொட்டினாலோ அதில் பெரும்பகுதி அஸ்திவாரத்துக்குள்தான் இறங்கும்.

முதலில் அளந்து பாருங்கள்

தொலைவிலிருந்து படிக்கக்கூடிய ஈரப்பத சென்சார் இரண்டு வாங்குங்கள். ஒன்றை நடுவிலும் மற்றதை அதிக ஈரமான மூலையிலும் தொங்கவிடுங்கள். அதற்குமுன் அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோல ஆக்குங்கள், கரைந்துவிடக் கூடாது. சென்சாரோடு சேர்த்து ஜிப் பையில் வைத்து மூடி ஒரு நாள் விட்டால் 75 சதவீதம் காட்ட வேண்டும். 80 காட்டினால் அந்த சென்சாரின் எண்ணில் எப்போதும் 5 கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஊசி உள்ள மாயிஸ்சர் மீட்டரால் உத்தரக் கட்டைகளை ஏழெட்டு இடங்களில் குத்திப் பார்த்து, எண்ணைக் கட்டையிலேயே சாக்பீஸால் தேதியோடு எழுதிவிடுங்கள். 16 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்கு வசதியான இடம். 28-ஐ ஒட்டிப் போனால் மரம் உளுக்கத் தொடங்கும். அந்த நிலையில் கட்டையில் ஸ்க்ரூடிரைவர் மெத்தென்று இறங்கினால், ஈரத்தைப் பார்ப்பதற்கு முன் தச்சரைக் கூப்பிடுங்கள்.

உள்ளே போகும்போது நுண்தூசியை வடிகட்டும் பி100 முகமூடி, கையுறை, முழுக்கை உடை வேண்டும். கருப்பு விதவை என்ற விஷச் சிலந்தி இந்தப் பக்கம் சகஜம். தண்ணீர் தேங்கிக் கிடந்தால் மின்சாரத்தை நிறுத்தாமல் காலை வைக்காதீர்கள்.

தண்ணீரை நிறுத்துவது

கட்டர்களைச் சுத்தம் செய்து, மழைநீர்க் குழாயைச் சுவரிலிருந்து 6 அடியாவது தள்ளி விடுங்கள். வீட்டைச் சுற்றி முதல் 10 அடிக்கு 6 அங்குலம் வெளிப்பக்கம் சரிவு வேண்டும் என்பது கட்டட விதி. துணி உலர்த்தும் மெஷினின் காற்றுக் குழாய் கிரால் ஸ்பேஸுக்குள் கழன்று கிடக்கிறதா, ஏசி தண்ணீர்க் குழாய் உள்ளேயே சொட்டுகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி இந்த இரண்டில் ஒன்றுதான், செலவும் சில டாலர்தான். மழை முடிந்து இரண்டு நாள் கழித்தும் உள்ளே தண்ணீர் நின்றால், சுற்றுவடிகாலும், குழியில் சேரும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்பும் போடாமல் அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

பிளாஸ்டிக் விரிப்பு

காசை எங்கே கொட்டுவது என்று கேட்டால் இங்கேதான். விதி கேட்பது குறைந்தபட்சம் 6 மில் தடிமன் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆனால் ஆள் தவழ்ந்து போனால் அது கிழியும், ஆகவே 12 மில்லுக்குக் குறையாமல் வாங்குங்கள். 25-க்கு 40 அடி இடம் என்றால் தரை 1000 சதுர அடி. சுவரில் 2 அடி ஏற்ற, 130 அடிச் சுற்றளவுக்கு 260. ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 1400 சதுர அடி வாங்கினால் நடுவில் கடைக்கு ஓட வேண்டியிராது.

கல், செங்கல் துண்டு, மரச் சிராய் எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். மண்ணில் கிடக்கும் மரத்துண்டு கறையானுக்கு அழைப்பு. விரிப்புகள் 12 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். இணைப்பை அதற்கென்றே விற்கும் சீம் டேப்பால் ஒட்டுங்கள். சாதாரண டக்ட் டேப் ஒரு கோடைக்குள் உரிந்துவிடும். தூண்களைச் சுற்றி வெட்டி, 6 அங்குலமாவது மேலே ஏற்றிக் கட்டுங்கள். சுவரில் ஏற்றும்போது உச்சியில் 3 அங்குலம் வெறுஞ்சுவராக விடுங்கள். கறையான் மண்பாதை போட்டால் கண்ணில் பட அந்த இடைவெளி வேண்டும். அதை மூடிவிட்டால் கறையான் ஒப்பந்தக்காரர் உத்தரவாதத்தை ரத்துசெய்யக்கூடும்.

இனி காற்றுத் துளைகள். 2 அங்குல ஃபோம் பலகையைத் துளை அளவுக்கு வெட்டிச் செருகி, ஓரங்களில் ஸ்ப்ரே ஃபோம் அடியுங்கள். உள்ளே போகும் கதவுக்கு இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டை (கேஸ்கெட்) போடுங்கள், பலரும் மறப்பது இதைத்தான். தொங்கி நனைந்த கண்ணாடிநார் இன்சுலேஷனைக் கழற்றி எறிந்துவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கிரால் ஸ்பேஸுக்குள் அங்கிருக்கும் காற்றையே எடுத்து எரியும், வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸோ வாட்டர் ஹீட்டரோ இருந்தால் துளைகளை மூடாதீர்கள். புகை திரும்பி கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வீட்டுக்குள் ஏறக்கூடும். வெளியிலிருந்து தனிக் குழாயில் காற்றெடுக்கும் வகைக்கு மாற்றிய பிறகுதான் மூட வேண்டும். மூடிய பிறகு, மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயுவான ரேடானுக்கும் சோதனை செய்யுங்கள், லிட்டர் காற்றுக்கு 4 பிகோகியூரியோ அதற்கு மேலோ வந்தால் நடவடிக்கை தேவை.

எந்த அளவு மெஷின்?

அமெரிக்க வீட்டுக் கட்டட விதித் தொகுப்பு, மூடிய கிரால் ஸ்பேஸில் 1000 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 70 பைண்ட் எடுக்கும் திறனைக் கேட்கிறது. ஏறக்குறைய 33 லிட்டர். பெட்டியில் எழுதியிருக்கும் பைண்ட் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. 2019-க்குப் பிறகு வீட்டுக்குள் வைக்கும் சாதாரண மெஷின்களை 65 டிகிரியில் சோதிக்கிறார்கள். முன்பு 80 டிகிரியில் சோதித்தார்கள். அதனால் அன்றைய 70 பைண்ட் மெஷின்தான் இன்று 50 பைண்ட் என்று விற்கிறது. கிரால் ஸ்பேஸுக்கென்றே செய்யும் மெஷின்களில் பல இன்னும் 80 டிகிரி, 60 சதவீதக் கணக்கையே பெரிய எழுத்தில் போடுகின்றன. 90 டிகிரி, 90 சதவீதக் கணக்கைப் போட்டு எண்ணைப் பெருக்கிக் காட்டுவோரும் உண்டு. ஒரே சோதனை நிலையின் எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

படுக்கையறைக்கு வாங்கும் வாளி வைத்த மெஷின் இங்கே வேண்டாம். அதன் வாளி நிறைந்தால் நின்றுவிடும், உயரமும் பிரச்சினை. தட்டையான உடல், வடிகால் குழாய் இணைப்பு, குறைந்த வெப்பத்தில் பனியை உருக்கும் வசதி, மேலே வீட்டுக்குள் வைக்கும் கண்ட்ரோல் பேனல் ஆகியவை இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 லிட்டர் எடுக்கும் மெஷின், நாளொன்றுக்கு 10 லிட்டர் எடுக்க 5 யூனிட் செலவழிக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மலிவு மெஷின் மலிவில்லை என்பது புரியும்.

பொருத்துவது

இடத்தின் நடுப்பகுதியில், காற்று வெளிவரும் முகம் நீளமான பக்கத்தைப் பார்க்கும்படி வையுங்கள். காற்று உள்ளே போகும் பக்கம் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளியிருக்கட்டும். அடியில் சிமெண்ட் பலகைகள், அவற்றின்மேல் அதிர்வைத் தாங்கும் ரப்பர். லெவல் வைத்துப் பாருங்கள், சாய்ந்தால் உள்தட்டிலிருந்து தண்ணீர் விரிப்பில் வழியும். உத்தரத்தில் தொங்கவிடலாம், ஆனால் படுக்கையறைக்கு நேர்க்கீழே தொங்கவிட்டால் ராத்திரி முழுக்க முனகல் கேட்கும்.

மின்சாரத்துக்கு, கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பாதுகாப்புள்ள 15 ஆம்ப் பாயிண்ட் வேண்டும், எக்ஸ்டென்ஷன் கார்டு கூடாது. வடிகால் குழாயை அடிக்குக் கால் அங்குலம் சரிவோடு வெளியே கொண்டுபோய், சுவரிலிருந்து சில அடி தள்ளி விடுங்கள். நடுவில் குழாய் தொய்ந்தால் அங்கே பாசி கட்டி அடைக்கும். சரிவு கிடைக்காவிட்டால், மெஷினிலிருந்து வரும் தண்ணீரை மேலேற்றி வெளியே தள்ளும் கண்டன்சேட் பம்ப் வையுங்கள். அதன் மிதவை சுவிட்சைப் பயன்படுத்தாமல் விடாதீர்கள், பம்ப் கெட்டால் மெஷினை நிறுத்துவது அதுதான். இணைத்து முடித்ததும் பம்புக்குள் ஒரு கேலன் தண்ணீர் ஊற்றி, வெளியே வந்து விழுகிறதா என்று போய்ப் பாருங்கள்.

எத்தனை சதவீதத்தில் வைப்பது? 50 முதல் 55. ஆனால் முதல் நாளே வேண்டாம். மேலே மரத்தரை இருந்தால் 65-இல் தொடங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை 5 சதவீதம் இறக்குங்கள். அவசரமாகக் காய்ந்தால் பலகைகளுக்கு நடுவே நாணயம் நுழையும் அளவு விரிசல் விழும். 45-இல் வைப்பதால் கூடுதல் நன்மை எதுவும் இல்லை.

சரியாக வேலை செய்யாதபோது

நாள் முழுக்க ஓடியும் எண் இறங்கவில்லையா? பெரிய மெஷின் வாங்கப் போகாதீர்கள். எங்கிருந்தோ வெளிக்காற்று வருகிறது. கதவோரம், குழாய் நுழையும் ஓட்டைகள், ஏசி ரிட்டர்ன் குழாயின் இணைப்புகள் என்று வரிசையாகப் பாருங்கள். ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து அருகில் காட்டினால் புகை காட்டிக் கொடுத்துவிடும். ஒரு மூலை மட்டும் ஈரமாக இருந்தால் அங்கே காற்று போகவில்லை. சின்ன மின்விசிறி ஒன்று வைத்தால் தீரும்.

மெஷினுக்குள் உள்ள குளிர்ச் சுருளில் பனி கட்டினால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள். அது சுத்தமாக இருந்து, உள்ளே 50 டிகிரிக்கு மேல் வெப்பமும் இருந்து, பனியும் கட்டினால் மெஷினைக் குளிரவைக்கும் கேஸ் குறைந்திருக்கலாம். எந்தச் சத்தமும் இல்லாமல் மெஷின் நின்றுபோனால் ஜிஎஃப்சிஐ கரண்டைத் துண்டித்திருக்கலாம். இதற்காகவே சென்சாரில் 65 சதவீதத்துக்கு அலாரம் வையுங்கள், இல்லாவிட்டால் நின்று மூன்று மாதம் கழித்து வாடைதான் சொல்லும்.

ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஏப்ரலில் ஒருமுறை உள்ளே போய், சாக்பீஸால் எழுதிய அதே இடங்களில் மீட்டரைக் குத்தி, பழைய எண்ணுக்குக் கீழே புதியதை எழுதுங்கள். குளிர்காலத்தில் மெஷின் வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் பயப்பட வேண்டாம், அப்போது வெளிக்காற்றே காய்ந்திருக்கும். வெளியே போகும் பம்ப் குழாயில் மட்டும் தண்ணீர் தேங்கி உறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.