ஒரு பரோக் அரண்மனை யார் யார் கைக்கு மாறியது என்று கண்டுபிடிப்பது எப்படி?

வியன்னாவின் பழைய நகரத்துக்குள் திரும்பிய பக்கமெல்லாம் பரோக் (17, 18ஆம் நூற்றாண்டுகளின் ஆடம்பரமான கட்டடப் பாணி) அரண்மனைதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரபுக் குடும்பத்தின் பெயர். அந்தப் பெயரைப் பார்த்ததும் கட்டியதும் அவர்கள்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கட்டியது யார், சொந்தமாக வைத்திருந்தது யார், உள்ளே இருந்தது யார் என்று மூன்று கேள்விகளையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் மூன்றுக்கும் ஒரே பதில் வருவது அபூர்வம்.

ஆல்பெர்டினா அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் லோப்கோவிட்ஸ் அரண்மனையை வைத்தே பார்ப்போம்.

முதலில் கட்டிய வருடத்தைப் பிடியுங்கள். 1683இல் ஓட்டோமான் படை வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியது. அந்தப் பயம் விலகிய பிறகுதான் பிரபுக்கள் மதிலுக்குள் தாராளமாகப் பணத்தை இறக்கினார்கள். இந்த அரண்மனை எழும்பியது 1685க்கும் 1687க்கும் நடுவில், கட்டச் சொன்னவர் டீட்ரிக்ஸ்டைன் பிரபு, கட்டடக் கலைஞர் ஜியோவானி பியத்ரோ டென்காலா. லோப்கோவிட்ஸ் குடும்பம் இதை வாங்கியது 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான்.

அடுத்து வாசல். முகப்பு ஒருவர் கைவண்ணம், வாசல் இன்னொருவருடையது என்பது இந்த மாதிரி வீடுகளில் சகஜம், அதனால் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். இங்கே பெருவாயிலை 1710ஐ ஒட்டி மாற்றி அமைத்தவர் ஃபிஷர் ஃபொன் எர்லாஹ் என்ற இன்னொரு கட்டடக் கலைஞர்.

அப்புறம் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. பெரிய கூடத்துக்கு இன்று ஈரோய்க்கா மண்டபம் என்று பெயர். பீத்தோவனைப் போஷித்த லோப்கோவிட்ஸ் இளவரசர் 1804இல் ஈரோய்க்கா என்று பெயர்பெற்ற அவருடைய மூன்றாம் சிம்பொனியைத் தன் இசைக்குழுவை வைத்து இங்கேதான் வாசிக்கவைத்தார், வெளியுலகம் கேட்டது அடுத்த வருடம்தான். ஆனால் தலைக்கு மேலே உள்ள ஓவியம் ஜேக்கப் வான் ஷுப்பன் 1720களில் தீட்டியது, அதாவது முந்தைய உரிமையாளர் காலத்தது. ஒரே அறையில் பெயர் ஒரு குடும்பத்தின் காலத்தைச் சொல்கிறது, கூரை இன்னொரு குடும்பத்தின் காலத்தைச் சொல்கிறது. சுவர், கூரை, தரை எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் காலம் குறிக்கச் சொல்வது இதனால்தான்.

உள்ளே இருந்தவர்களின் பட்டியல் இன்னும் நீளம். 1909 வரை பிரெஞ்சுத் தூதரகம், முதல் உலகப் போருக்குப் பிறகு 1938 வரை செக்கோஸ்லோவாக்கியத் தூதரகம், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சுப் பண்பாட்டு நிறுவனம், 1991 முதல் நாடக அருங்காட்சியகம். இவர்களை எல்லாம் உரிமையாளர் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள், தூதரகம் வாடகைக்கும் இருக்கலாம். உரிமை மாறியதற்கு ஆதாரம் நிலப் பதிவேடுதான்.

பதிவேட்டில் தேடும்போது வீட்டு எண் பாடாய்ப் படுத்தும். வியன்னாவில் 1770இல் வீடுகளுக்கு எண் கொடுத்தார்கள், 1795இலும் 1821இலும் மாற்றினார்கள், இன்றைய தெருவாரி எண் வந்தது 1862இல். பழைய பத்திரத்தில் உள்ள எண்ணை இன்றைய வரைபடத்தில் தேடினால் வேறு யாரோ ஒருவர் வீட்டில் போய் நிற்பீர்கள், அதனால் எண்ணைக் குறிக்கும்போதே அது எந்த வருடத்து எண் என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.