ஐஸ் ஹாக்கி சென்டரை எடைபோடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஐஸ் ஹாக்கி சென்டர், அதாவது முன்கள மூவரில் நடுவில் ஆடுபவர், தன் அணிக்கு எவ்வளவு முக்கியமானவர் என்ற விவாதம் எழுந்தால், பெரும்பாலும் அது பாயிண்ட் பட்டியலில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. கோல்களையும் அசிஸ்ட்களையும் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்களையும்) கூட்டிவரும் அந்த எண்ணிக்கையில் பிழை ஏதும் இல்லை. ஆனால் பக்கவாட்டில் ஆடும் ஒரு விங்கரைப் பற்றி அது சொல்லும் அளவுக்குச் சென்டரைப் பற்றிச் சொல்வதில்லை. வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்.எச்.எல்.-இன் அணிகள் ஓர் ஆட்டத்தில் வழக்கமாக நான்கு சென்டர்களை இறக்குகின்றன, நால்வருக்கும் பயிற்சியாளர் கொடுக்கும் வேலை வெவ்வேறானது. அந்த வேலை என்ன என்று கேட்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவதுதான் கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் ஸ்டீவ் ஐசர்மன் 1988-89 பருவத்தில் 65 கோல்களும் 90 அசிஸ்ட்களுமாக 155 பாயிண்ட் எடுத்தார். 1996-97இல் அவர் எடுத்தது 85 பாயிண்ட் மட்டுமே. பட்டியலை மட்டும் பார்ப்பவர் இதைச் சரிவு என்றே சொல்வார். ஆனால் 1993இல் பயிற்சியாளராக வந்த ஸ்காட்டி போமன் அவரிடம் கேட்டது வேறு: எதிரணியின் தாக்குதலைத் தடுப்பதிலும் தாக்குதலுக்கு நிகரான கவனம் வேண்டும் என்பது. 1955க்குப் பிறகு, லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையைக் கண்டிராத அந்த அணி 1997இல் அதை வென்றது, அடுத்த ஆண்டும் வென்றது. தடுப்பாட்டத்தில் சிறந்த முன்கள வீரருக்கான செல்கி விருது 2000இல் ஐசர்மனுக்குக் கிடைத்தது. வயதும், லீக் முழுவதிலும் கோல்கள் குறைந்துபோன அந்தக் காலமும் எண்ணிக்கை இறங்கியதற்குக் காரணங்கள்தாம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. என்றாலும், 155 எடுத்த ஐசர்மனைக் காட்டிலும் 85 எடுத்தவர் அணிக்குக் குறைவாகவே பயன்பட்டார் என்று வாதிடுவது கடினம்.

பாயிண்ட் பட்டியலில் ஏறாத அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமுறை நிகழும் ஒரு காட்சி போதும். எதிரணி பக்கை (ஆட்டத்துக்கான ரப்பர் வட்டை) நம் மூலைக்குள் அடித்துவிட்டு விரட்டி வருகிறது. பின்களத்தில் ஆடும் இரு டிஃபன்ஸ்மேன்களில் ஒருவர் மூலைக்குள் சென்று உடலால் மோதி எதிராளியைப் பலகையோடு அழுத்துகிறார், மற்றவர் கோல் வலைக்கு முன்னால் நிற்கிறார், விங்கர்கள் இருவரும் மேலே எதிரணி டிஃபன்ஸ்மேன்களைக் கண்காணிக்கிறார்கள். சென்டர் மட்டும் மூலைக்குச் சில அடி தொலைவுவரை இறங்கிவந்து, அந்த மோதலிலிருந்து பக் நழுவும் கணத்துக்காகக் காத்திருக்கிறார். நழுவியதும் அதைக் கைப்பற்றி, தலையைத் திருப்பிப் பார்த்து, பலகையோரம் நிற்கும் விங்கருக்குத் தள்ளிவிட்டு நடுவழியே மேலேறுகிறார். இருபது வினாடிகள் கழித்து மறுமுனையில் கோல் விழுந்தாலும் இடையில் இருவர் கை மாறியிருந்தால் அவருக்கு அசிஸ்ட் கிடைக்காது, ஏனெனில் ஒரு கோலுக்கு அதிகபட்சம் இரண்டு அசிஸ்ட்தான். ஒரு சென்டரைப் பற்றிப் பேச விரும்புகிறவர் ஓர் ஆட்டமாவது பக்கை விட்டுவிட்டு அவரை மட்டுமே கண்ணால் தொடர்வது நல்லது.

அடுத்த தவறு, இரு சென்டர்களை ஒரே சூழலில் ஆடியவர்களாகக் கருதி ஒப்பிடுவது. அலன் வினோ பயிற்சியாளராக இருந்தபோது வான்கூவர் கனக்ஸ் அணி இதற்கு அப்பட்டமான எடுத்துக்காட்டாக இருந்தது. ஹென்ரிக் செடினும் அவரது இரட்டைச் சகோதரர் டானியலும் பெரும்பாலும் எதிரணிப் பகுதியில் நடக்கும் ஃபேஸ்ஆஃப்களுக்கே (நின்ற ஆட்டத்தைத் தொடங்க நடுவர் போடும் பக்குக்காக இருவர் போட்டியிடுவது) அனுப்பப்பட்டார்கள். சொந்தக் கோலுக்கு அருகில் நடப்பவற்றுக்கு சென்டர் மேனி மல்ஹோத்ராவின் லைன் (சேர்ந்து இறங்கும் முன்கள மூவர்) சென்றது. சகோதரர்கள் 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆளுக்கொருமுறை லீக்கின் அதிகப் பாயிண்ட்டுக்கான ஆர்ட் ராஸ் கோப்பையை வென்றதற்கு அவர்களுடைய திறமையே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2010 கோடையில் அணிக்கு வந்த மல்ஹோத்ரா கடினமான பகுதியைச் சுமந்தது இரண்டாவது வெற்றிக்கு உதவியது. எதிரணியின் எந்த லைனுக்கு எதிராக ஒருவர் ஆடினார் என்பதும் இதே கணக்கில் வரும். ஆட்டம் நிற்கும்போது கடைசியாக ஆட்களை மாற்றும் உரிமை சொந்த மைதானத்து அணிக்கே உண்டு என்பதால், ஒரே சென்டர் சொந்த மைதானத்தில் ஒருவிதமாகவும் வெளியூரில் வேறுவிதமாகவும் தெரிவதில் வியப்பில்லை.

ஃபேஸ்ஆஃப் விழுக்காட்டுக்குக் கொடுக்கப்படும் மரியாதை எனக்கு எப்போதுமே சற்று மிகையாகத் தோன்றுகிறது. ஒரு சென்டர் ஓர் ஆட்டத்தில் 20 ஃபேஸ்ஆஃப் எடுக்கிறார் என்று கொள்வோம். 50 விழுக்காடு வெல்பவருக்கு 10 கிடைக்கும், எல்லோரும் புகழும் 55 விழுக்காட்டுக்காரருக்கு 11. ஓர் இரவு முழுவதற்கும் வித்தியாசம் ஒன்றுதான், அதுவும் ஆபத்தோ வாய்ப்போ இல்லாத நடுப்பகுதியில் நிகழ்ந்ததாக இருக்கலாம். பஃபலோ சேபர்ஸ் அணியின் ரயன் ஓரைலி 2017-18 பருவத்தில் 1,274 ஃபேஸ்ஆஃப் வென்று அதுவரை இருந்த லீக் சாதனையை முறியடித்தார். அதே பருவத்தில் பஃபலோ லீக்கிலேயே கடைசி இடத்தில் முடித்தது. மறுபுறம், எட்மண்டன் ஆயிலர்ஸ் அணியின் கானர் மெக்டேவிட் 2016-17இல் 45 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை, ஆனாலும் 100 பாயிண்ட் எடுத்து லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையைப் பெற்றார். இதனால் ஃபேஸ்ஆஃபுக்கு மதிப்பே இல்லை என்று ஆகிவிடாது. ஒரு கோல் முன்னிலையோடு கடைசி நிமிடத்தில் சொந்தக் கோலருகே நடக்கும் ஃபேஸ்ஆஃபும், பெனால்டி கில்லின் (தண்டனையால் ஆள் குறைந்து ஆடும் நேரத்தின்) முதல் ஃபேஸ்ஆஃபும் தனிக் கனம் உள்ளவை. ஆகவே மொத்த விழுக்காட்டைச் சொல்வதை விடுத்து, இத்தகைய தருணங்களில் பயிற்சியாளர் யாரை அனுப்புகிறார் என்று கவனிப்பதே பயனுள்ளது. (அங்கும் சில நேரங்களில் இரண்டு சென்டர்கள் சேர்ந்தே அனுப்பப்படுவார்கள், முதல்வர் விதிமீறலுக்காக வெளியேற்றப்பட்டால் அடுத்தவர் எடுப்பதற்காக.)

ஓரைலியின் கதை இன்னொரு தவற்றுக்கும் பொருந்தும். அந்தப் பஃபலோ பருவத்தில் அவருடைய பிளஸ்-மைனஸ் கணக்கு (அவர் களத்தில் இருக்கையில் அணி அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழிப்பது) மைனஸ் 23. 2018 ஜூலையில் அவர் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணிக்குக் கொடுக்கப்பட்டார். அடுத்த பருவத்தில் அதே கணக்கு பிளஸ் 22 ஆயிற்று, 2019 ஜனவரித் தொடக்கத்தில் லீக்கின் அடிமட்டத்தில் கிடந்த புளூஸ் அந்த ஆண்டே கோப்பையை வென்றது, செல்கி விருதும், பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் கோப்பையும் ஓரைலிக்கே கிடைத்தன. ஒரே கோடையில் ஒருவர் 45 படி மேலான வீரராக மாறிவிடுவதில்லை. கூட ஆடும் நால்வரும், பின்னால் நின்று வலையைக் காக்கும் கோலியும், எதிரில் ஆடுபவர்களும் சேர்ந்தே அந்த எண்ணை உண்டாக்குகிறார்கள். மேலும், எதிரணிக்கு ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயில் அடிக்கும் கோலுக்கு அதில் பிளஸ் கிடையாது, ஆனால் தன் அணி கோலியை வெளியே எடுத்துவிட்டுச் சமன் செய்யப் போராடும் நேரத்தில் காலி வலைக்குள் விழும் கோலுக்கு மைனஸ் உண்டு. பின்தங்கியிருக்கும் அணி அந்த நேரத்தில் தன் சிறந்த சென்டரைத்தான் களத்தில் வைத்திருக்கும் என்பதால், நம்பிக்கைக்குரியவராக இருப்பதற்கே அவர் தண்டிக்கப்படுகிறார்.

விங்கரின் கோல்களை விங்கருக்கு மட்டுமே எழுதிவைப்பதும் அடிக்கடி நிகழ்கிறது. 2005 நவம்பர் 30 அன்று பாஸ்டன் புரூயின்ஸ் அணி தன் சென்டர் ஜோ தார்ன்டனை சான் ஹோசே ஷார்க்ஸ் அணிக்குக் கொடுத்து மூன்று வீரர்களைப் பெற்றது. அந்தப் பருவத்தில் தார்ன்டன் 96 அசிஸ்ட் உட்பட 125 பாயிண்ட் எடுத்து ஹார்ட் கோப்பையையும் ஆர்ட் ராஸ் கோப்பையையும் பெற்றார். அவருடைய வலப்புறம் ஆடிய ஜானதன் சீச்சூ 56 கோல் அடித்து லீக்கில் முதலிடம் பிடித்தார். சீச்சூவின் எண்ணிக்கை அதற்கடுத்த பருவங்களில் 37, 23 என்று இறங்கியது. தார்ன்டன் அதே அணியில்தான் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்; ஆகவே 56 கோல்களும் சென்டர் கொடுத்த வரம் என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. மூன்று வீரர்களை வாங்கிவிட்டோம் என்று எண்ணிக்கையால் ஆறுதல் கொள்வதில் உள்ள பிழை மட்டும் தெளிவாகவே தெரிகிறது: முதல் லைன் சென்டர் ஒருவர் விட்டுச் சென்ற இடத்தை மூவரின் பாயிண்ட்டைக் கூட்டி நிரப்ப முடியாது, அந்த இடத்தில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும்.

ஒரே பருவத்தை வைத்து ஒருவரை உயர்த்துவதும் தாழ்த்துவதும் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கக்கூடியது. வில்லியம் கார்ல்சன் கொலம்பஸில் 2016-17இல் 6 கோல் அடித்தவர், மறு ஆண்டு வேகாஸில் 43 அடித்தார், அதற்கு மறு ஆண்டு 24. 43 கோல் அடித்த அந்தப் பருவத்தில் அவருடைய ஷாட்களில் 23 விழுக்காட்டுக்கும் மேல் வலைக்குள் போயின. லீக் சராசரி ஏறத்தாழ 10. இப்படிப்பட்ட விழுக்காடு நிலைப்பதில்லை. 24 கோல் அடித்தவுடன் அவரை ஏமாற்றுக்காரர் என்றவர்களும் தவறினார்கள். 2023இல் வேகாஸ் கோப்பை வென்றபோது எதிரணியின் நல்ல லைன்களைச் சமாளித்த சென்டர்களில் அவரும் ஒருவர்.

சம்பளம் பற்றிய வாதத்தில் டாலரை டாலரோடு ஒப்பிடுவது பொருளற்றது. 2005-06 முதல் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், அதில் ஒருவர் எத்தனை பங்கை எடுத்துக்கொள்கிறார் என்பதே கேள்வி. கொலராடோ அவலாஞ்ச் 2022இல் கோப்பை வென்றபோது அதன் சென்டர் நேதன் மெக்கினனின் ஆண்டுச் சம்பளக் கணக்கு 63 லட்சம் டாலர், அதாவது 8.15 கோடி உச்சவரம்பில் 8 விழுக்காட்டுக்கும் குறைவு. 2023-24இல் அது 1.26 கோடியாகி, 8.35 கோடியில் 15 விழுக்காட்டைத் தொட்டது. 2025-26 முதல் எட்மண்டன் சென்டர் லியோன் டிரைசைட்டில் பெறும் 1.4 கோடி டாலரைக் கேட்டு மலைப்பவர்கள், அந்தப் பருவத்தின் உச்சவரம்பு 9.55 கோடி என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அவருடைய பங்கு மெக்கினனுடையதைவிடச் சற்றுக் குறைவு என்பதைக் காண்பார்கள். மெக்கினன் 63 லட்சத்துக்கு ஆடிய ஆண்டுகளில் மிச்சமான பணத்தை வேறு வீரர்களுக்குச் செலவிட்டது நிர்வாகத்தின் சாதகம்; ஆட்டக்காரரின் திறமை பற்றிய வாதத்தோடு அதைக் குழப்பக் கூடாது.

கோப்பைகளை எண்ணி முடிவு கட்டுவது விவாதத்தை விரைவாக முடிக்க விரும்புவோரின் வழி. 2024 இறுதிச்சுற்றில் ஃபுளோரிடா பாந்தர்ஸ் முதல் மூன்று ஆட்டங்களையும் எட்மண்டன் அடுத்த மூன்றையும் வென்று, ஏழாவது ஆட்டத்தை ஃபுளோரிடா 2-1 என்று கைப்பற்றியது. மெக்டேவிட் அந்த பிளேஆஃபில் 42 பாயிண்ட் எடுத்து, தோற்ற அணியில் இருந்தும் கான் ஸ்மைத் கோப்பையைப் பெற்றார். ஆனால் கடைசி இரண்டு ஆட்டங்களில் அவர் பெயரில் ஒரு பாயிண்ட்டும் இல்லை. எதிரணித் தலைவரும் சென்டருமான அலெக்ஸாண்டர் பார்கோவ் எடுத்தது 22. மெக்டேவிட் முக்கியமான நேரத்தில் கைவிட்டார் என்பவர்கள் ஆறாவது ஆட்டத்தை அவருடைய அணி 5-1 என்று வென்றதை மறந்துவிடுகிறார்கள். பார்கோவ் சராசரிதான், அவருக்கு நல்ல அணி வாய்த்தது என்பவர்களோ, அந்த 22 பாயிண்ட்டை எடுத்தவருக்கே எதிரணிகளின் சிறந்த லைன்களை அடக்கும் பொறுப்பும் தரப்பட்டிருந்தது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.